வாஷிங்டன் சுந்தரை வெச்சு ஓட்டை அடைக்காதீங்க சாமி!



ரொம்ப நாளா பதிவு பக்கம் தலை வெச்சுப் படுக்கல. பொட்டி தட்டுற எடத்துல ஆணி அதிகம். ஆனா ஒரு விஷயம் 2025 நவம்பர்லேர்ந்து தொண்டைல முள்ளு மாதிரி நிக்குது. எழுதித் துப்பிட்டா நிம்மதி. பதிவு கொஞ்சம் நீளம், முன்னாடியே சொல்லிடறேன். கிரிக்கெட் அலர்ஜி உள்ளவங்க கடைசிப் பகுதிக்கு நேரா போயிடலாம். அங்க ஒரு பையனோட கதை இருக்கு.

விஷயம் இதுதான். நம்ம சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தரை இந்திய டெஸ்ட் அணி பயன்படுத்துற விதம் தப்பு. கொஞ்சம் தப்பு இல்ல, அடிப்படையே தப்பு. "எந்த எடத்துல போட்டாலும் ஆடுவாரு"ன்னு பாராட்டுற மாதிரி சொல்லி, எங்க ஓட்டை விழுதோ அங்க அவரை வெச்சு அடைக்கிறாங்க. இதுக்குப் பேரு பன்முகத் திறமையைப் பயன்படுத்துறது இல்லைங்க. எம்-சீல் வேலை.

2025 நவம்பர் 16, ஞாயித்துக்கிழமை. பெங்களூர்லேர்ந்து ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா காவலூர். ஆலங்காயத்துலேர்ந்து ஜமுனாமரத்தூர் போற மலைரோட்டுல வரும், தொலைநோக்கி இருக்கே, அதே காவலூர்தான். சித்தப்பா வீட்டுத் திண்ணைல ஒரு மூலைல மட்டும் சிக்னல் கிடைக்கும். அந்த மூலைல செல்போனை ஒரு சொம்பு மேல சாய்ச்சு வெச்சு அஞ்சாறு பேரு மேட்ச் பாத்துக்கிட்டிருந்தோம். கொல்கத்தா ஈடன் கார்டன்ல தென்னாப்பிரிக்காவோட முதல் டெஸ்ட், மூணாவது நாள். ஜெயிக்க வேண்டியது 124. நம்மாளுங்க 93க்கு மூட்டை கட்டிட்டாங்க. 30 ரன்ல தோல்வி. கழுத்து வலியால கேப்டன் கில் ரெண்டாவது இன்னிங்ஸ்ல இறங்கவே இல்ல, ஒத்துக்கறேன். இருந்தாலும் 124ங்க!

அந்த 93ல அதிகபட்சம் யாரு? வாஷிங்டன், 31. முதல் இன்னிங்ஸ்ல 29. எந்த எடத்துல இறங்கி? மூணாவது எடத்துல. ஆமா, டிராவிடும் புஜாராவும் வருஷக்கணக்கா நின்ன அதே மூணாவது எடம். பந்து தாறுமாறா திரும்பின, எகிறின ஆடுகளத்துல ரெண்டு இன்னிங்ஸ்லயும் நின்னு ஆடினவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். அதுல இவர் ஒருத்தர்.

சரி, பௌலிங்? அதே மேட்ச்ல அவருக்குக் குடுத்தது மொத்தம் ஒரே ஒரு ஓவர். அணில நாலு ஸ்பின்னருங்க: ஜடேஜா, அக்சர், குல்தீப், வாஷிங்டன். அதாவது ஸ்பின்னர் கணக்குல சேர்த்துக்கிட்டு, பேட்ஸ்மேன் வேலை குடுத்தாங்க.

"பரவால்ல, பேட்ஸ்மேனா நம்புறாங்க போல"ன்னு நானே மனசைத் தேத்திக்கிட்டேன். ஆறே நாள்ல குவாஹாத்தில ரெண்டாவது டெஸ்ட். அதுல வாஷிங்டன் எறங்கினது எட்டாவது எடம்!

ங்கொய்யால, இப்ப சொல்லுங்க. மூணாவது எடத்துல போட்டது சரின்னா, ரெண்டாவது இன்னிங்ஸ்ல அதிக ரன் எடுத்தவரை அடுத்த மேட்ச்ல அஞ்சு படி ஏன் இறக்கணும்? எட்டாவது எடம்தான் சரின்னா, அதுக்கு முந்தின மேட்ச்ல மூணாவதா ஏன் அனுப்பணும்? ரெண்டு முடிவும் ஒரே நேரத்துல சரியா இருக்க முடியாது. குவாஹாத்திலயும் 122க்கு 7 விக்கெட் போன நேரத்துல, குல்தீப்பைக் கூட வெச்சுக்கிட்டு 48 அடிச்சாரு. அந்த டெஸ்ட்ல நாம தோத்தது 408 ரன்ல. ரன் கணக்குல இந்தியாவோட மிகப்பெரிய டெஸ்ட் தோல்வி.

இது ஏதோ ஒரு தொடர்ல நடந்த விபத்து இல்ல. 2025 ஜூலை கடைசிலேர்ந்து நவம்பர் வரைக்கும் மட்டும் பாருங்க:

மான்செஸ்டர், ஜூலை 27: ரிஷப் பந்துக்குக் கால்ல அடி. அதனால அஞ்சாவது எடம். ரெண்டாவது இன்னிங்ஸ்ல 0 ரன்னுக்கு 2 விக்கெட்னு தொடங்கின அணியை ஜடேஜாவோட சேர்ந்து காப்பாத்தி, ஆட்டமிழக்காம 101. முதல் டெஸ்ட் சதம். மேட்ச் டிரா.

ஓவல், அடுத்த வாரமே: முதல் இன்னிங்ஸ்ல எட்டு. ரெண்டாவது இன்னிங்ஸ்ல நைட்வாட்ச்மேன் ஆகாஷ் தீப் நடுவுல புகுந்ததால ஒன்பது. சதம் அடிச்ச பேட்டுக்கு ஒரு வாரத்துக்குள்ள கிடைச்ச மரியாதை! ஆனா அந்த ஒன்பதாவது எடத்துலேர்ந்து 46 பந்துல 53. பிரசித் கிருஷ்ணாவை எதிர்முனைல நிக்க வெச்சுட்டு கடைசி விக்கெட்டுக்கு 39 ரன் சேர்த்தாரு. பிரசித் எடுத்தது பூஜ்யம். அந்த மேட்ச்ல நாம ஜெயிச்சது எத்தனை ரன்ல தெரியுமா? ஆறு!

கொல்கத்தா, நவம்பர்: மூணு.

குவாஹாத்தி, நவம்பர்: எட்டு.

அஞ்சு, எட்டு, ஒன்பது, மூணு, எட்டு. ஏதோ லாரி நம்பர் மாதிரி இருக்கு இல்ல?

"அதான் எல்லா எடத்துலயும் ரன் அடிக்கிறாரே, அப்புறம் என்னய்யா உன் பிரச்சனை?"ன்னு கேப்பீங்க. அங்கதான் சிக்கலே. அடிக்கிறதாலதான் யாருக்கும் உறைக்கல. சொதப்பியிருந்தா "சார், இந்த எடம் இவருக்கு சரிப்படல"ன்னாவது ஒருத்தன் எழுதியிருப்பான்.

பௌலிங் பக்கம் வாங்க. அதே இங்கிலாந்து தொடர்ல லார்ட்ஸ் டெஸ்ட், ரெண்டாவது இன்னிங்ஸ். 22 ரன்னுக்கு 4 விக்கெட். ரூட், ஜேமி ஸ்மித், ஸ்டோக்ஸ், பஷீர்னு நாலு பேரும் க்ளீன் போல்ட். இது நடந்தப்புறம் அடுத்த டெஸ்ட் மான்செஸ்டர்ல பந்தை அவர் கைல எப்ப குடுத்தாங்க? 69வது ஓவர்ல! அதுவரைக்கும் மனுஷன் பீல்டிங் பண்ணிக்கிட்டிருந்தாரு. வந்த கொஞ்ச நேரத்துலயே போப், ப்ரூக் ரெண்டு பேரையும் தூக்கினாரு. அதுக்குள்ள இங்கிலாந்து எங்கியோ போயிடுச்சு. 669 அடிச்சாங்க.

இன்னும் கொஞ்சம் பின்னாடி போனா 2024 அக்டோபர். டெல்லில ரஞ்சி மேட்ச், தமிழ்நாட்டுக்காக மூணாவது எடத்துல இறங்கி 152. அதுக்கப்புறம் உடனே டெஸ்ட் அணில கூப்பிட்டாங்க. புனேல நியூசிலாந்துக்கு எதிரா 59க்கு 7, 56க்கு 4. ஒரே டெஸ்ட்ல 11 விக்கெட். அந்த மேட்ச்ல நாம தோத்தோம்ங்கறது வேற சோகம்.

இந்த ஒரு மாசத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. மேல இறங்கி பேட்டிங் பண்ணினா பௌலிங் கெட்டுடும்னு சொல்றவங்களுக்கு இதைவிடப் பெரிய பதில் இல்ல. மூணாவதா இறங்கி 152 அடிச்சவர்தான் அதே மாசத்துல 11 விக்கெட்டும் எடுத்தாரு.

அடிப்படைல இவர் யாரு? பேட்ஸ்மேன். எல்லாரும் மறந்துபோன விஷயம் இது. தமிழ்நாட்டுக்கு சின்ன வயசுல ஆடினப்போ டாப் ஆர்டர். 2017 டிஎன்பிஎல்ல தூத்துக்குடி அணிக்குத் தொடக்க வீரர், தொடர் நாயகன். இந்தியாவுக்குள்ள அவரை நுழைச்சதுதான் பௌலிங். அதே 2017ல அஸ்வினுக்குக் காயம்னு புனே ஐபிஎல் அணி இவரை எடுத்துது. பிளே ஆஃப்ல மும்பைக்கு எதிரா 16 ரன்னுக்கு 3 விக்கெட், ஆட்ட நாயகன். அப்ப வயசு 17. 2018 மார்ச்ல இலங்கைல நிதாஹஸ் கோப்பை. தினேஷ் கார்த்திக் கடைசிப் பந்துல அடிச்ச சிக்ஸரை நாம எல்லாரும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். தொடர் நாயகன் யாருன்னு கேட்டா முழிப்போம். வாஷிங்டன்தான். பவர்ப்ளேல, ரெண்டே பீல்டர் வெளிய நிக்கிற நேரத்துல, தைரியமா பந்தைத் தூக்கிப் போட்டதுக்குக் கிடைச்ச பரிசு.

டெஸ்ட்டுக்கு வந்த கதையும் ஓட்டை அடைச்ச கதைதான். 2021 ஜனவரி, பிரிஸ்பேன். அணில பாதிப் பேரு ஆஸ்பத்திரி கேசு. நெட்ல பந்து போடறதுக்காக ஆஸ்திரேலியாவுல நிறுத்தி வெச்சிருந்த பையனைக் கூப்பிட்டு கேப் குடுத்தாங்க. முதல் விக்கெட் ஸ்டீவ் ஸ்மித். பேட்டிங்ல 62, ஷர்துல் தாக்கூரோட 123 ரன் கூட்டணி. ரெண்டாவது இன்னிங்ஸ்ல துரத்தும்போது கம்மின்ஸை ஹூக் பண்ணி அடிச்ச சிக்ஸர் இன்னும் கண்ணுல நிக்குது. அடுத்து சொந்த மண்ணுல இங்கிலாந்து தொடர். சேப்பாக்கத்துல ஆட்டமிழக்காம 85. அகமதாபாத்ல ஆட்டமிழக்காம 96. எதிர்முனைல ஆள் இல்லாம ரெண்டு தடவையும் சதம் போச்சு. அப்ப இறங்கினது ஏழு, எட்டு. பின்னாடி வர்றவங்க ஒரே ஓவர்ல காலியாகிற எடத்துல பேட்ஸ்மேனை நிக்க வெச்சா இப்படித்தான் ஆகும்.

அப்பவே அவரை பேட்ஸ்மேன்னு அடையாளம் கண்டிருந்தா, மான்செஸ்டர் சதத்துக்கு நாலு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது. நடுவுல காயங்கள் நிறைய, அதையும் மறுக்கல. ஆனா காயம் இல்லாதப்போ என்ன செஞ்சோம்ங்கறதுதான் கேள்வி.

இப்ப எதிர்க்கட்சிக்காரங்களுக்கு வருவோம். நண்பர்கள் வட்டத்துல ஏற்கனவே வாங்கிக் கட்டிக்கிட்ட கேள்விகள் இவை.

"தமிழ்நாட்டுப் பையன்கறதால சப்போர்ட் பண்றே." ஆமாய்யா, பாசம் இருக்கு, மறைக்கல. ஆனா மேல குடுத்த கணக்கு எந்த ஊர்க்காரனுக்கும் பொதுதான். இர்ஃபான் பதான் எந்த ஊரு? பரோடா. 2003ல அடிலெய்டுல அறிமுகம். 2005ல ஒருநாள் போட்டில மூணாவது எடம், நாக்பூர்ல இலங்கைக்கு எதிரா 83. அதே வருஷம் டெல்லி டெஸ்ட்ல தொடக்க வீரரா 93. 2006 ஜனவரில கராச்சில முதல் ஓவர்லயே ஹாட்ரிக். "அடுத்த கபில்தேவ்"னு நாடே கொண்டாடுச்சு. கடைசி டெஸ்ட் 2008 ஏப்ரல். அப்ப வயசு 23! மூணாவதா அனுப்பினதாலதான் கெட்டாருன்னு நான் சொல்ல மாட்டேன். அவரே அப்படிப் பழி போட மறுத்திருக்காரு. நான் சொல்றது வேற. எல்லாம் தெரிஞ்ச ஒரு பையனுக்கு ஒரு எடமாவது நிரந்தரம்னு இருந்திருந்தா, வேகம் குறைஞ்ச காலத்துல அந்த எடத்தைப் பிடிச்சுக்கிட்டு தொங்கியிருக்கலாம். அவருக்குப் பிடிச்சுக்க ஒண்ணுமே இல்ல.

"ரவி சாஸ்திரி பத்தாவது எடத்துல ஆரம்பிச்சு ஓப்பனர் ஆகலையா?" ஆனாரு. 1981ல வெலிங்டன்ல பத்தாவதா இறங்கினவர், 1992ல சிட்னில ஓப்பனரா 206 அடிச்சாரு. நடுவுல மேலயும் கீழயும் போயிருந்தாலும், மொத்தத்துல அது மேல ஏறின பயணம்.

"ஜடேஜா, அக்சர்னு ரெண்டு ஆல்ரவுண்டர் இருக்கும்போது இவருக்கு எங்க எடம்?" இதுதான் நியாயமான கேள்வி. என் பதில்: இவரை மூணாவது ஆல்ரவுண்டரா பாக்கறதாலதான் எடம் இல்லாம போகுது. ஆறாவது பேட்ஸ்மேனா பாருங்க, எடம் தானா தெரியும். அவங்க ரெண்டு பேரும் இடதுகைச் சுழல், இவர் ஆஃப் ஸ்பின். 2024 டிசம்பர்ல அஸ்வின் ஓய்வு அறிவிச்சதுலேர்ந்து இடதுகை பேட்ஸ்மேனுக்குப் பந்தை வெளிய திருப்பற ஆஃப் ஸ்பின்னர் இன்னொருத்தர் அணில நிலைக்கல.

அஸ்வின் பேச்சு வந்ததால ஒண்ணு சொல்றேன். அவரும் சின்ன வயசுல ஓப்பனிங் பேட்ஸ்மேன்தான். ஆனா இந்தியாவுக்கு ஆடும்போது அவர் வேலை என்னன்னு யாருக்கும் சந்தேகமே இல்ல: விக்கெட் எடுக்கறது. 537 எடுத்தாரு. ஆறு சதம் மேலதிக வரவு. வேலை தெளிவா இருந்ததாலதான் பேட்டிங்கும் பாரமில்லாம வந்துது. வாஷிங்டனுக்கு அது அப்படியே தலைகீழா அமையணும். பேட்டிங் வேலை, பௌலிங் வரவு.

கொஞ்சம் கடல் தாண்டுவோம். நம்ம டீமுக்கு அமெரிக்காவுல ஒரு கிளையண்ட். அந்தப் பக்கத்து ஆளு ஒருத்தர் டல்லாஸ் கௌபாய்ஸ் வெறியர். திங்கக்கிழமை மீட்டிங்ல முதல் பத்து நிமிஷம் அமெரிக்கன் புட்பால்தான் ஓடும். அப்படிக் காதுல விழுந்த பேருதான் மைக்கா பார்சன்ஸ். 2021ல கௌபாய்ஸ் அணி அவரை 12வது ஆளா தேர்வு பண்ணுச்சு, லைன்பேக்கர்ங்கற பொறுப்புக்கு. சுருக்கமா சொன்னா நம்ம கபடில நடுவுல நின்னு எல்லாப் பக்கமும் கவனிக்கிற ஆளு மாதிரின்னு வெச்சுக்கோங்க. சீசன் ரெண்டாவது வாரமே, முன்வரிசைல நின்னு எதிரணியோட பந்து வீசறவரைப் பாய்ஞ்சு அமுக்கற ஆளுங்களுக்குக் காயம், கொரோனா. அங்கயும் ஓட்டைதான்! பார்சன்ஸை அங்க நிறுத்தினாங்க. பையன் பின்னிப் பெடலெடுத்துட்டாரு. அந்த வருஷம் மட்டும் 13 தடவை பந்து வீசறவரைக் கீழ தள்ளினாரு. சிறந்த அறிமுகத் தடுப்பாட்டக்காரர் விருதும் அவருக்குத்தான்.

இங்க வரைக்கும் நம்ம கதை மாதிரியே இருக்கு இல்லையா? வித்தியாசம் அதுக்கப்புறம்தான். அடிபட்டவங்க திரும்பி வந்ததும் "சரிப்பா, நீ உன் பழைய எடத்துக்குப் போ"ன்னு துரத்தல. இவனோட முதல் வேலை பாய்ஞ்சு அமுக்கறதுதான்னு போகப் போக முடிவு பண்ணினாங்க. ஒரு ஆட்டத்துல இடது ஓரம், ஒரு ஆட்டத்துல வலது ஓரம், சில நேரம் நடுவுலேர்ந்து. நிக்கிற எடம் மாறிக்கிட்டே இருந்துது. அதனால எதிரணிக்குக் கொழப்பம். அவருக்குக் கொழப்பமே இல்ல. எங்க நின்னாலும் வேலை ஒண்ணுதானே! அடுத்த மூணு வருஷமும் ரெட்டை இலக்கம். 2025 ஆகஸ்ட்ல கிரீன் பே அணி அவரை வாங்கினப்போ போட்ட ஒப்பந்தம் நாலு வருஷத்துக்கு 188 மில்லியன் டாலர். எம்-சீலுக்கு யாரும் அவ்வளவு குடுக்க மாட்டாங்க.

இந்தப் பதிவோட மொத்த சாரமும் இதுதான் மக்களே: எடம் மாறலாம், வேலை மாறக்கூடாது.

வாஷிங்டனுக்கு நடக்கறது எடம் மாத்தறது இல்ல. மூணாவதா அனுப்பினா "நீ பேட்ஸ்மேன், பந்து வேண்டாம்"ங்கறாங்க. எட்டாவதா அனுப்பினா "நீ பௌலர், ரன் வந்தா லாபம்"ங்கறாங்க. வேலையையே மாத்தறாங்க. மூணாவது எடத்துல ஆட புதுப்பந்தைப் பாத்து விடத் தெரியணும், நாள் முழுக்க நிக்கப் பழகணும். எட்டாவது எடத்துல ஆட பின்வரிசை ஆளைக் காப்பாத்தி, கடைசிப் பந்துல ஒரு ரன் ஓடப் பழகணும். பயிற்சி வேற, மனசு வேற. திங்கக்கிழமை ஒண்ணு, சனிக்கிழமை ஒண்ணுன்னா மனுஷன் நெட்ல எதைப் பழகுவாரு?

எங்க ஊரு தொலைநோக்கியையே பாருங்க. வைணு பாப்பு வானாய்வகத்துல 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒண்ணு இருக்கு, 1986லேர்ந்து. அதோட மேல்முனைல கேமரா மாட்டி வானத்தைப் படம் எடுக்கலாம். கீழ, கண்ணாடிக்குப் பின்னாடி வேற கருவி வெச்சு நட்சத்திரத்தோட ஒளியைப் பிரிச்சுப் பாக்கலாம். பல வேலைக்கு ஆகும். ஆனா "இன்னிக்கு ராத்திரி என்ன தோணுதோ பாத்துக்கலாம்"னு அதைத் திருப்ப மாட்டாங்க. இன்ன ராத்திரி இன்ன ஆய்வுன்னு முன்கூட்டியே ஒதுக்கீடு பண்ணித்தான் கருவி மாட்டுவாங்க. எந்தக் கருவி மாட்டினாலும் அந்தப் பெரிய கண்ணாடியோட வேலை ஒண்ணுதான்: ஒளியைச் சேர்க்கறது. கண்ணாடிக்கே இவ்வளவு மரியாதைன்னா, மனுஷனுக்கு?

சும்மா திட்டிட்டுப் போனா மொக்கைப் பதிவு ஆயிடும். அதனால என் தீர்வு, டெஸ்ட்டுக்கு மட்டும்:

1. ஆறாவது எடம், பத்து டெஸ்ட்டுக்கு. இதை அவர்கிட்டயும் சொல்லிடணும், வெளியவும் சொல்லிடணும். நடுவுல நாலு இன்னிங்ஸ் சொதப்பினாலும் தொடக்கூடாது. பத்து முடிஞ்சதும் கணக்குப் பாருங்க. சரிப்படலைன்னா தூக்குங்க, நானே பதிவு போட்டு ஒத்துக்கறேன்.

2. நம்ம ஊர் ஆடுகளத்துல அவர் மூணாவது ஸ்பின்னர். ஆனா மூணாவதுன்னா 69வது ஓவர் இல்ல. எதிரணில இடதுகை ஆட்டக்காரர் இறங்கினா, 20 ஓவருக்குள்ள பந்து அவர் கைல இருக்கணும். பந்து பளபளப்பா இருக்கும்போது போடறதுல பழக்கப்பட்டவர்தான், நிதாஹஸ் கோப்பையே சாட்சி.

3. வெளிநாட்டுல ரெண்டு ஸ்பின்னர் ஆடினாலும் அதே ஆறு. வேகப்பந்துக்கு எதிரா பிரிஸ்பேன்லயும் மான்செஸ்டர்லயும் நின்ன ஆளுக்கு அங்க இறங்கத் தகுதி இல்லைன்னா வேற யாருக்கு?

4. காயம், நைட்வாட்ச்மேன் மாதிரி அவசரத்துக்கு ஒரு படி மேல கீழ போகலாம். மூணுக்கும் எட்டுக்கும் நடுவுல ஊஞ்சலாட்டக் கூடாது.

அவ்வளவுதான். ராக்கெட் விஞ்ஞானம் ஒண்ணும் இல்ல.

"உனக்கு ஏன்டா இவ்வளவு கொலைவெறி?"ன்னு கேக்கறீங்களா? ரெண்டு காரணம்.

முதல் காரணம் நான். இன்ஜினியரிங் முடிச்சு ஜாவா டெவலப்பரா ஒரு கம்பெனில சேர்ந்தேன். ஆறு மாசத்துல டெஸ்டிங்ல ஆள் குறைஞ்சுது, "நீ சீக்கிரம் கத்துப்பே"ன்னு அங்க போட்டாங்க. அப்புறம் ராத்திரி ஷிப்ட் சப்போர்ட். அப்புறம் யாரோ பேப்பர் போட்டாங்கன்னு டேட்டாபேஸ். எல்லாத்துலயும் தலை நிமிர்ந்துதான் நின்னேன். மேனேஜர் வாய் நிறைய "நீதான்பா நம்ம ஆல்ரவுண்டர்"ம்பாரு. மூணாவது வருஷ அப்ரைசல்ல அதே மனுஷன் சொன்னாரு, "எதுலயும் ஆழம் இல்லையேப்பா." அவ்வ்வ்வ்! ஆழமாத் தோண்ட எந்த எடத்துல என்னை நிக்க விட்டீங்க? அந்தக் கம்பெனியை விட்டு வந்தாச்சு, விடுங்க. நமக்கு வேற வேலை கிடைச்சுது. நாட்டுல கம்பெனி ஆயிரம் இருக்கு. டெஸ்ட் கிரிக்கெட்டருக்கு இந்திய அணி ஒண்ணுதான் இருக்கு.

ரெண்டாவது காரணம் எங்க சித்தப்பா பையன். பதினேழு வயசு. எங்க ஊரு டென்னிஸ் பால் டீம்ல கீப்பர் வரலைன்னா கீப்பிங், பௌலர் வரலைன்னா பௌலிங், ஓப்பனர் தூங்கிட்டா ஓப்பனிங். எல்லாம் அவன்தான். பெருமையா இருக்கும். போன தடவை கீழ டவுன்ல ஒரு செலக்‌ஷன்னு விடிகாலை பஸ் பிடிச்சுப் போயிட்டு வந்தான். கொல்கத்தா மேட்ச் பாத்த அதே திண்ணைலதான் கேட்டேன்.

"இன்னாடா ஆச்சு?"

"'நீ இன்னா ப்ளேயரு, பேட்ஸ்மேனா பௌலரா'ன்னு கேட்டாங்கண்ணா."

"நீ இன்னா சொன்னே?"

"எது குடுத்தாலும் செய்வேன் சார்னேன்."

"அதுக்கு?"

"ஒண்ணும் சொல்லலண்ணா. அடுத்தவனைக் கூப்ட்டாங்க. கடைசில பீல்டிங்குக்கு ஆள் பத்தலன்னு நிக்க வெச்சாங்க, சாயந்திரம் வரைக்கும்."

சொல்லிட்டு செல்போனைப் பாத்துக்கிட்டிருந்தான். திரைல வாஷிங்டன் அவுட்டாகி உள்ள போய்க்கிட்டிருந்தாரு. "பாவம்ணா அவரு. நல்லாத்தானே ஆடினாரு, அடுத்த மேட்ச்லயும் மூணாவது வருவாரு இல்ல?"ன்னு கேட்டான். "கண்டிப்பா வருவாருடா"ன்னேன். அடுத்த மேட்ச்ல என்ன நடந்துதுன்னு மேல படிச்சுட்டீங்க.

அடுத்த தடவை ஊருக்குப் போனப்போ அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். "இனிமே எவன் கேட்டாலும் பேட்ஸ்மேன்னு சொல்லு. பந்து போடத் தெரியும்கறதை அப்புறமா சொல்லு." மண்டையை ஆட்டினான். அடுத்த செலக்‌ஷனுக்குப் போகும்போது அப்படிச் சொல்றானான்னு பாக்கணும். அவனுக்கு நான் இதைச் சொல்லிட்டேன். வாஷிங்டன் விஷயத்துல இதைச் சொல்ல வேண்டியவங்க தேர்வாளரும் கேப்டனும் கோச்சும். அவங்க வாயைத் திறந்து "நீதான் எங்க ஆறாவது பேட்ஸ்மேன்"னு ஒரு வரி சொன்னா போதும். மிச்சத்தைப் பையன் பாத்துப்பாரு.

டிஸ்கி 1: நான் கிரிக்கெட் நிபுணன் இல்ல. கல்லூரி அணில பன்னிரண்டாவது ஆளா தண்ணி தூக்கின அனுபவம் மட்டும் உண்டு.

டிஸ்கி 2: ஜடேஜா ரசிகர்கள், அக்சர் ரசிகர்கள், "மூணாவது எடம் சாய் சுதர்சனுக்குத்தான்"னு சொல்ற நம்ம ஊர் ரசிகர்கள் எல்லாரும் பின்னூட்டத்துல வரிசையா வந்து கும்மலாம். நான் மூணாவது எடம் கேக்கவே இல்லங்கறதை மட்டும் படிச்சுட்டுக் கும்முங்க :-)